காலணியும் கண்ணியமும்



ஒரு வீட்டினுள் நுழையுமுன் அதன் வாசலைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். படியோரத்தில் நான்கைந்து ஜோடிச் செருப்புகள் கிடக்கும். ஒன்று வீட்டுத் தலைவருடையது. மற்றொன்று அவருடைய மனைவியுடையது. உள்ளங்கையில் அடங்கும் அளவிலான சின்னஞ்சிறு ஜோடி குழந்தையுடையது. பழக்கமில்லாத ஒரு ஜோடி அவற்றின் நடுவே இருந்தால், உள்ளே விருந்தினர் வந்திருக்கிறார் என்று அறிந்துகொள்கிறோம். செருப்பைப் பார்த்தே இன்னார் செல்வர், இன்னார் வறியர் என்று சில வேளைகளில் சொல்லிவிடலாம். ஆனால் படியைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டால் அங்கே இருப்பவை எல்லாம் வெறுங்கால்களே. இந்தச் சிறு வழக்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். சிறு வழக்கம் என்கிறேனே தவிர, அரசர்களும் கவர்னர்-ஜெனரல்களும் இதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். மனிதர் சிறைக்குச் சென்றதும் உண்டு.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். சாணம் இட்டு மெழுகிய தரை, அதன்மேல் கோலம். அத்தரையிலேதான் பாயை விரித்துப் படுத்தார்கள். அத்தரையிலேதான் இலையைப் போட்டு உண்டார்கள். குழந்தை தவழ்ந்ததும் அதே தரையில்தான். நமக்குத் தரையே ஆசனம், தரையே உணவு மேசை, தரையே கட்டில். அதன்மேல் தெருப்புழுதியைக் கொண்டு வருவது எப்படிப் பொருந்தும்? ஆகையால் வந்தவர் செருப்பை வெளியே விட்டார். வீட்டார் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் கால் அலம்பிக்கொண்டு உள்ளே வந்தார். சங்கப் பாடல்களில் ‘தொடுதோல்’ என்ற பெயரால் வழங்கும் செருப்பு, காட்டுவழிக்கும் கல்வழிக்கும் உரியதே அன்றி வீட்டுக்கு உரியதாக இருந்ததில்லை.

நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று இது. ஜப்பானியர் வீடுகளில் வாசலுக்கு உட்புறமாகவே, தரையைவிடத் தாழ்ந்த ஓர் இடம் அமைத்திருப்பார்கள். அங்கே காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாய் பரப்பிய மேல்தளத்தில் ஏறவேண்டும். கொரியாவிலும், துருக்கியிலும், பர்மாவிலும் இதே மரியாதைதான். தரையில் அமர்ந்து வாழ்ந்த மக்கள் பலரும் இம்முடிவுக்கே வந்திருக்கிறார்கள்.

ஐரோப்பியர் நிலை வேறு. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து மேசையில் உண்டார்கள். குளிரான நாடு, காலைத் திறந்து வைப்பது அவர்களுக்கு இயல்பன்று. அவர்களுடைய மரியாதை தலையில் இருந்தது. பெரியோரைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார்கள். நம்மவரோ தலைப்பாகையைக் கழற்றுவதை மரியாதைக் குறைவாகக் கருதினார்கள். ஒருவர் தலையைத் திறந்து வணங்கினார். மற்றவர் காலைத் திறந்து வணங்கினார். இரண்டும் மரியாதைதான். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த இரு மரியாதைகளும் ஒரே மண்டபத்தில் சந்தித்தபோதுதான் சரித்திரத்தில் சிக்கல் பிறந்தது.

முதலில் பர்மாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு மன்னரின் சபையில் காலணியுடன் எவரும் நுழைதல் கூடாது. அமைச்சரானாலும் இளவரசரானாலும் காலணியைக் கழற்றி, கால்களை மடக்கித் தரையில் அமரவேண்டும். 1795-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராகச் சென்ற மைக்கேல் சைம்ஸ் இம்முறைக்கு இணங்கினார். 1855-இல் தூது சென்ற ஆர்தர் பேயரும் இணங்கினார். ஆயினும் ஒவ்வொரு தூதரின் உள்ளத்திலும் இது முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தது. 1875-இல் டக்ளஸ் பார்ஸைத் என்பவர் மின்டோன் மன்னரைக் கண்டார். அவரும் வழக்கப்படி காலணியைக் கழற்றித் தரையில் அமர்ந்தார். அவர் திரும்பிய பிறகு இந்திய அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது: இனிமேல் தன் பிரதிநிதி எவரும் மன்னர் முன்னிலையில் காலணியைக் கழற்றலாகாது என்பது அம்முடிவு.

மின்டோன் மன்னரும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்னோர் வகுத்த முறையை அந்நியருக்காகத் தளர்த்தினால் தம் மக்கள் முன்னே எப்படி அரசராக வீற்றிருப்பது என்பது அவர் நிலை. விளைவு என்ன? தலைநகரான மண்டலேயில் ஆங்கிலேய ரெஸிடெண்டு இருந்தார். அரண்மனையில் மன்னர் இருந்தார். இருவரும் நேரில் பேச வழியில்லாமல் போயிற்று. மன்னர் 1878-இல் காலமானார். அடுத்த ஆண்டே ரெஸிடெண்டு அலுவலகமும் மண்டலேயிலிருந்து அகற்றப்பட்டது. 1885-இல் போர் மூண்டது. 1886 ஜனவரி முதல் நாள் பர்மா முழுவதும் ஆங்கில ஆட்சியில் சேர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. காலணியால்தான் ஒரு நாடு போயிற்று என்று நான் சொல்லவில்லை. தேக்கு மரமும், வாணிகமும், பிரெஞ்சுக்காரர் பற்றிய அச்சமும் அப்போருக்கு உரிய காரணங்கள். ஆனால் பகை முற்றிவரும் வேளையில் இருவர் நேரில் அமர்ந்து பேசுவதற்கு இருந்த ஒரு கதவைக் காலணி அடைத்துவிட்டது என்பது உண்மை.

சரி, தம் காலணியைக் கழற்றுவது தாழ்வு என்று எண்ணிய ஆங்கிலேயர், பிறருடைய காலணி விஷயத்தில் எவ்வாறு நடந்துகொண்டார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இப்பாடம் முடியாது.

இந்தியாவில் தங்கள் அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் வரும் இந்தியர் காலணியைக் கழற்றிவிட்டே வரவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். அது உங்கள் நாட்டு வழக்கம்தானே, அதைத்தானே கேட்கிறோம் என்பது அவர்கள் கூறிய நியாயம். 1854-ஆம் ஆண்டில், டல்ஹௌஸி பிரபு கவர்னர்-ஜெனரலாக இருந்தபோது, இவ்விதி சற்றே தளர்த்தப்பட்டது. ஐரோப்பிய முறையிலான பூட்ஸும் காலுறையும் அணிந்த இந்தியக் கனவான்கள் கவர்னர்-ஜெனரலின் தர்பாருக்கு அவற்றுடனேயே வரலாம் என்று அனுமதி கிடைத்தது. 1868-இல், ஜான் லாரன்ஸ் வைசிராயாக இருந்தபோது, இவ்வனுமதி நீதிமன்றங்களுக்கும் பிற அரசாங்க நிகழ்ச்சிகளுக்கும் விரிந்தது. ஆனால் நாட்டுச் செருப்பு அணிந்து வருவோர் அதைக் கழற்றியே ஆகவேண்டும்.

இந்த உத்தரவை நிதானமாக ஆராய்ந்து பாருங்கள். காலணியைக் கழற்றுவது இடத்துக்குச் செய்யும் மரியாதை என்றால், பூட்ஸையும் அல்லவா கழற்றவேண்டும்? சேற்றைப் பூட்ஸ் சுமந்து வந்தால் என்ன, செருப்பு சுமந்து வந்தால் என்ன? இங்கே மரியாதையைப் பெற்றது அறையும் அன்று, அறையில் இருந்த மனிதரும் அல்லர், சீமைப் பூட்ஸே. இந்தியன் இந்தியனாக வந்தால் வெறுங்காலுடன் நிற்கவேண்டும். ஐரோப்பியனைப் போல வந்தால் நிமிர்ந்து நிற்கலாம் என்பதே அவ்வுத்தரவின் உட்பொருள்.

அதற்கு அடுத்த ஆண்டு ஹைதராபாத்தில் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுகாறும் நிஜாமின் தர்பாருக்குச் சென்ற ஆங்கிலேய ரெஸிடெண்டுகள் காலணியைக் கழற்றித் தரையில் அமர்ந்து வந்தார்கள். 1869-இல் குழந்தைப் பருவத்திலிருந்த மஹபூப் அலி கான் நிஜாமாகப் பட்டமேற்றபோது, காலணியுடன் வருவோம், நாற்காலியில் அமர்வோம் என்று ரெஸிடெண்டு வற்புறுத்தி அவ்வாறே செய்தார். தன் மண்டபத்தில் பிறர் காலணியைக் கழற்றுவது வழக்கம். பிறர் மண்டபத்தில் தான் கழற்றுவது அவமானம்! ஒரே செயலுக்கு இரண்டு பொருள். எதைக் கொள்வது என்பதை அதிகாரம் தீர்மானித்தது.

இதை எதிர்த்துக் கேட்டவர்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 1862-இல் சூரத்து நீதிமன்றத்துக்கு அசெஸராக அழைக்கப்பட்ட மானக்ஜி கோவாஸ்ஜி என்டீ என்ற பார்ஸிக் கனவான், காலணியைக் கழற்றினாலன்றி உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டார். கடமையாற்ற அழைத்தவர்களே வாசலில் நிறுத்தினால் என்ன செய்வது? அவர் பணிந்துவிடவில்லை, மேலிடங்களுக்கு மனுக்கள் எழுதி வழக்காடினார்.

இன்னொருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வங்காளத்தின் பேரறிஞர் ஈசுவர சந்திர வித்தியாசாகர். விதவை மறுமணச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். எளிய வேட்டி, மேல் துண்டு, சாதாரண நாட்டுச் செருப்பு: இதுவே அவருடைய உடை. 1874 ஜனவரியில் அவர் காசியிலிருந்து வந்திருந்த கவிஞர் ஹரிச்சந்திரருடன் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் நூலகத்தைக் காணச் சென்றார். அப்பொழுது அரும்பொருட் காட்சிச்சாலையும் அதே கட்டடத்தில் இருந்தது. வாசற்காவலன் வித்தியாசாகரைத் தடுத்து, செருப்பைக் கழற்றச் சொன்னான். பூட்ஸ் அணிந்தவர்களுக்குத் தடை இல்லை. நாட்டுச் செருப்புடன் வந்த பிறர் அவற்றைக் கழற்றித் தம் கையிலேயே தூக்கிக்கொண்டு நடப்பதையும் அவர் கண்டார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. காட்சிச்சாலையின் பொறுப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோபச் சொல் இல்லாமல், ஆசிரியர் ஒருவர் கணக்கு விளக்குவது போல எழுதிய கடிதம் அது. வீட்டில் விரிப்பின்மேல் அமர்கிறோம். ஆகையால் அங்கே கழற்றுகிறோம். காட்சிச்சாலையிலோ பாயும் இல்லை, விரிப்பும் இல்லை; அது பொதுமக்கள் வந்து போகும் இடம்; அங்கே சிலரை மட்டும் கழற்றச் சொல்வதற்குக் காரணம் என்ன? இதுவே அவர் கேட்டதன் சாரம். கிடைத்த பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மறுபடியும் பர்மாவுக்கு வருவோம். பௌத்தக் கோயில்களின் மேடைகளில் பர்மிய மன்னர்களே வெறுங்காலுடன்தான் நடந்தார்கள். ஆங்கில ஆட்சி வந்தபின் ஐரோப்பியர் பூட்ஸுடன் ஏறலானார்கள். ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து எழுதிய அறிவிப்புப் பலகைகள்கூடச் சில கோயில்களில் இருந்தன. ப்ரோம் நகரைச் சேர்ந்த தெய்ன் மாவுங் என்ற இளம் வழக்கறிஞர் இதனை எதிர்த்தார். பௌத்த இளைஞர் சங்கத்தார் கூட்டங்கள் கூட்டினார்கள். பெரும் புலவரான லெடி சயடோ என்னும் துறவி, கோயில் மேடையில் காலணி அணிவது தகாது என்பதை விளக்கி ஒரு நூலே எழுதினார். 1919-இல் மண்டலேயின் ஐந்தவ்யா பகோடாவில் காலணியுடன் நுழைந்த ஐரோப்பியரைத் துறவிகள் சிலர் தாக்க, அவர்களுள் உ கெட்டயா என்பவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடித்தது தவறு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் பணிவாகக் கேட்டும் செவிசாய்க்காத அரசாங்கம், அதே ஆண்டில், அந்தந்தக் கோயிலின் தலைமைத் துறவியே இதைப் பற்றி முடிவு செய்யலாம் என்று இறங்கி வந்தது. பர்மிய மக்கள் ஒன்றுபட்டு நின்று பெற்ற முதல் வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

இதுவரை ஆங்கிலேயரைப் பற்றியே பேசினேன். அந்நியரைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

1984-ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு கிராமப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கு ஒரு நீண்ட தெருவைக் கடந்து வரவேண்டும். சித்திரை வெயிலில் அந்த மண் சட்டியாய்ச் சுடும். ஒருநாள் காலை என் வகுப்பு மாணவன் ஒருவன் புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் தத்தித் தத்தி அத்தெருவில் வருவதைக் கண்டேன். தெருமுனை தாண்டியதும் அதைக் காலில் மாட்டிக்கொண்டான். “ஏனப்பா, செருப்பு கடிக்கிறதா?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “இல்லீங்க ஐயா, இந்தத் தெருவிலே எங்க ஆளுங்க போடக்கூடாதுங்க” என்றான். கல்கத்தாவில் வித்தியாசாகர் கண்ட காட்சியை, நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பின், சுதந்தர இந்தியாவில் நான் கண்டேன். இங்கே தடுத்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர்.

நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-இலேயே அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்துவிட்டது. இவை அத்தனையும் எனக்குத் தெரியும்; வகுப்பில் கற்பித்திருக்கிறேன். ஆயினும் அன்று அந்தத் தெருவாரிடம் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. புதிய ஆசிரியன், வெளியூர்க்காரன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. தாழ்த்தப்பட்ட மக்கள் பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லாலேயே எழுதிவைத்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. செருப்பு என்ற சிறு பொருளைச் சட்டப் புத்தகத்தில் எழுதவேண்டிய நிலையை நம் தெருக்களே உண்டாக்கின.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். இது முழுக்க முழுக்க என்னுடையது. பின்னாளில் தலைமையாசிரியனான போது, என் அறை வாசலில் காலணிகளை விட்டு வரும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். கல்விக்கூடம் கோயில் அல்லவா என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூலிவேலை செய்யும் ஒரு தந்தை, மகனுடைய மாற்றுச் சான்றிதழுக்காக வந்தவர், தேய்ந்த ரப்பர்ச் செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றார். அப்போது பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் சேறு படிந்த பூட்ஸுடன் நேரே உள்ளே வந்து அமர்ந்தார். நான் எழுந்து வரவேற்றேன். குனிந்தபோது என் கால்களும் கண்ணில் பட்டன. அவற்றில் பளபளப்பான காலணி இருந்தது! 1868-ஆம் ஆண்டு உத்தரவை ஆண்டுதோறும் மாணவருக்கு விளக்கி, அதன் அநீதியை எடுத்துரைத்த நான், அதே உத்தரவை என் அறை வாசலில் மீண்டும் பிறப்பித்திருந்தேன். மறுநாளே அவ்வழக்கத்தை நீக்கினேன்.

அந்த நாளிலிருந்து இவ்விஷயத்தில் ஒரு சிறு உரைகல்லை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை உங்களுக்கும் தருகிறேன். காலணியைக் கழற்று என்று ஓரிடத்தில் சொன்னால், சொல்பவரும் கழற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் வீட்டுக்காரரும் வெறுங்காலுடன் இருக்கிறார், அது மரியாதை. கோயில் மேடையில் மன்னரும் வெறுங்காலுடன் நடக்கிறார், அதுவும் மரியாதை. ஒருவர் கழற்றவேண்டும், மற்றொருவர் அணியலாம் என்றால், அது தரையைத் துப்புரவாக வைப்பதற்காக ஏற்பட்ட விதி அன்று. மனிதரை நிறுத்துப் பார்ப்பதற்காக ஏற்பட்டது.

ஆகையால், மாணவர்களே, நண்பர் வீட்டுக்குச் செல்லும்போது, அவர் சொல்வதற்கு முன்னரே காலணியைக் கழற்றுங்கள். கழற்றியதை வழியில் இடறாமல் ஓரமாக வையுங்கள். காலில் சேறு இருந்தால் தண்ணீர் கேட்டு அலம்பிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வருபவர் முதியவராக இருந்து, குனிய முடியாமல் தயங்கினால், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுங்கள். அல்லது, “பரவாயில்லை, அப்படியே வாருங்கள்” என்று அழையுங்கள். தரையைத் துடைத்துக்கொள்ளலாம், வந்தவர் மனத்தில் பட்ட வடுவைத் துடைக்க முடியாது. அதே சமயம், எவரேனும் தம் பிறப்பு காரணமாகவோ வறுமை காரணமாகவோ செருப்பைக் கையில் ஏந்தி நடக்கக் கண்டால், நான் இருந்ததைப் போல நீங்கள் வாய்மூடி இருக்கவேண்டாம்.

அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும், அவன் வீட்டுக்கு ஒருநாள் நான் போக நேர்ந்தால், என் காலணியை வாசலில், அவன் காலணிக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வேன். நான் அவனுக்குச் செய்யவேண்டிய மரியாதை பல ஆண்டுகளாகப் பாக்கி நிற்கிறது.